தூரிகை நீங்கிய கைகள்: ரெம்பிராண்டின் 1669ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தில் மெய்ப்பாடும் நுட்பமும்

ஆய்வுச் சுருக்கம்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் இறுதியாண்டில் வரைந்த தன்னுருவ ஓவியம் பெரும்பாலும் துயரத்தின் படமாகவே வாசிக்கப்படுகிறது. அவர் அடைந்த கடனும் இழப்புகளும் அந்த முகத்தில் எழுதப்பட்டிருப்பதாகக் கருதுவது வழக்கம். இவ்வாசிப்பின் அடிப்படையை இக்கட்டுரை வினவுகிறது. ஓவியத்தின் அடியில் மறைந்துள்ள திருத்தங்களையும், வண்ணப்பூச்சு இடத்துக்கு இடம் மாறும் முறையையும் சான்றாகக் கொண்டு, நாம் துயரம் என உணரும் மெய்ப்பாடு தொழில்நுட்ப முடிவுகள் சிலவற்றால் உருவாக்கப்பட்டது என்பதை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ரெம்பிராண்ட், பரோக் ஓவியம், தன்னுருவ ஓவியம், மெய்ப்பாடு, தடிப்பூச்சு, எக்ஸ்-கதிர் ஆய்வு

முன்னுரை

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ரெம்பிராண்ட் (1606–1669) தம்மைத்தாமே வரைந்த ஓவியங்கள் இரண்டு உள்ளன. முதலாவது 1640ஆம் ஆண்டினது. 34 வயதுடைய, புகழின் உச்சியில் நின்ற ஓவியர் விலையுயர்ந்த பழங்கால உடையணிந்து, தாழ்ந்த சுவரொன்றின்மேல் கையூன்றி நம்மைப் பார்க்கிறார். இரண்டாவது 1669ஆம் ஆண்டினது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் அவர் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். 86 செ.மீ. உயரமும் 70.5 செ.மீ. அகலமும் உடைய இச்சீலையில் ஆழ்ந்த செந்நிற மேலாடையும் தொப்பியும் அணிந்த முதியவர் ஒருவர், கைகளைக் கோத்தபடி அமைதியாக இருக்கிறார். பின்புலத்தில் பொருள் எதுவும் இல்லை. கையில் தொழிற்கருவியும் இல்லை.

இக்கட்டுரை இரண்டாவது ஓவியத்தைப் பற்றியது. இதன்முன் நிற்பவர் பெரும்பாலோர் ஒரு கனமான அமைதியை உணர்கின்றனர். சிலர் அதைத் துயரம் என்றும், சிலர் சலிப்பு என்றும், சிலர் முதிர்ந்த தெளிவு என்றும் பெயரிடுகின்றனர். பெயர் வேறுபடுவதே கவனத்திற்குரியது. ஓர் உணர்வு தெளிவாக வரையப்பட்டிருக்குமானால் அதற்கு இத்தனை பெயர்கள் எழுவதற்கு இடமில்லை. ஆகவே இங்கு வரையப்பட்டிருப்பது எது, நம்மால் ஏற்றப்படுவது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

மெய்ப்பாடு என்னும் சொல்

இவ்வினாவிற்குத் தமிழில் பொருத்தமான சொல் மெய்ப்பாடு. அகத்தே தோன்றிய உணர்வு மெய்யின்கண் பிறர்க்குப் புலனாவதையே அச்சொல் சுட்டுகிறது. தொல்காப்பியர் நகை முதலாக உவகை ஈறாக எட்டினை வகுத்தார். டச்சு ஓவியத்துக்கும் தொல்காப்பியத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை; அவ்வாறு ஒரு தொடர்பை இக்கட்டுரை கற்பிக்கவும் இல்லை. உணர்வையும் உடற்குறியையும் ஒரே சொல்லில் பிணைத்து வைத்திருப்பதனால் அச்சொல் இங்குப் பயன்படுகிறது.

ரெம்பிராண்டின் சிக்கலும் ஏறத்தாழ இதுவே. அவர் எழுதிய கடிதங்களில் ஏழு மட்டுமே எஞ்சியுள்ளன. ஏழும் அரசவைச் செயலர் கான்ஸ்டன்டைன் ஹாய்கன்ஸுக்கு எழுதப்பட்டவை. 1639 சனவரியில் எழுதிய கடிதம் ஒன்றில், இயேசுவின் பாடுகளைப் பற்றிய ஓவியங்களில் மிகுதியான, மிக இயல்பான இயக்கத்தைக் கொணர முயன்றதாக அவர் குறிப்பிடுகிறார். தம் கலையைப் பற்றி அவர் தம் வாயால் சொன்னதாக நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இது ஒன்றே. அதில் அவர் கையாண்ட டச்சுச் சொல் உடலின் அசைவையும் குறிக்கலாம். உள்ளத்தின் அசைவையும் குறிக்கலாம். எது பொருள் என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். மெய்ப்பாடு என்ற சொல்லில் பழகிய நமக்கு இரண்டையும் பிரிக்க வேண்டிய கட்டாயம் அவ்வளவாக இல்லை.

இளமையில் அவர் இச்சிக்கலை நேரடியாகவே எதிர்கொண்டார். 1630இல் செய்த சிறு செதுக்கச்சுப் படங்களில் கண்ணாடிமுன் தம் முகத்தையே மாதிரியாக வைத்துப் பயின்றார். ஒன்றில் கண்கள் அகன்று வாய் திறந்திருக்கிறது. இன்னொன்றில் சிரிப்பு, வேறொன்றில் புருவம் நெரிந்த சினம். மருட்கை, நகை, வெகுளி என நாம் தயக்கமின்றிப் பெயரிடலாம். முதலாவது படம் ஏறத்தாழ 5 செ.மீ. உயரமே உடையது, ஆயினும் அதன் உணர்வில் ஐயமில்லை. அவருடைய மாணவர் சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன், உணர்ச்சியை வரைய விரும்புபவர் நடிகரைப்போல் கண்ணாடிமுன் தாமே அதை நடித்துப் பார்க்க வேண்டும் என 1678இல் வெளியிட்ட நூலில் அறிவுறுத்துவது இப்பயிற்சியின் தொடர்ச்சியாகலாம்.

1669இல் இவற்றில் ஒன்றும் இல்லை. புருவம் நெரியவில்லை, வாய் வளையவில்லை. முகத்தசைகள் நடிப்பைக் கைவிட்டுவிட்டன. ஆயினும் உணர்வு முன்னையினும் வலுவாகத் தோன்றுகிறது. இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை அவர் வாழ்க்கை வரலாறு.

வாழ்க்கையைப் படத்தில் வாசித்தல்

வரலாறு உண்மையில் கடுமையானதே. மனைவி சாஸ்கியா 1642இல் இறந்தார். 1639இல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீட்டின் கடன் தீரவில்லை. 1656இல் அவர் திவால்நிலையை அறிவித்தார். அப்போது எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் 363 பதிவுகள் உள்ளன. அவர் சேர்த்த சிற்பங்களும் படங்களும் ஏலத்தில் போயின, வீடும் போயிற்று. துணைவி ஹென்ட்ரிக்யே 1663இல் இறந்தார். மகன் டீட்டஸ் 1668 செப்டம்பரில், 27 வயது நிறைவதற்கு முன் அடக்கம் செய்யப்பட்டான். அடுத்த ஆண்டு இவ்வோவியம்.

இவ்வரிசை ஒரு கதையைத் தானே சொல்லிக்கொள்கிறது. அதுவே இதன் இடர். அக்கதைக்கு ஒத்துவராத செய்திகளை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். 1667 டிசம்பர் இறுதியில் பிற்காலத் தஸ்கனி கோமகன் மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்டைத் தேடிச் சென்று பார்த்தார். கைவிடப்பட்ட ஓவியர் ஒருவரை அயல்நாட்டு இளவரசர் தேடி வருவதில்லை. 1669 மார்ச்சில் டீட்டஸின் மகள், ரெம்பிராண்டின் பேத்தி டீட்டியா, திருமுழுக்குப் பெற்றாள். ஓவியம் வரையப்பட்ட அதே ஆண்டு இது. அம்முகத்தில் பாட்டனின் மகிழ்ச்சியைக் கண்டவர் எவரையும் நான் படித்ததில்லை.

இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. ஓவியத்தின் கையொப்பமும் 1669 என்ற ஆண்டும் 1967இல் நடந்த துப்புரவின்போதே தெளிவாக வெளிப்பட்டன. ஓவியக்கூடம் இதை வாங்கியது 1851இல். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதைப் பார்த்தவர்கள், இது அவருடைய இறுதியாண்டின் படம் என்று உறுதியாகக் கூற முடியாத நிலையிலேயே பார்த்தனர். இன்று நாம் ஆண்டைப் பெயர்ப்பலகையில் படித்த பின்னரே முகத்தைப் பார்க்கிறோம். மரணம் படத்துக்குள் நுழைவது சில வேளைகளில் அந்தப் பலகையின் வழியாகத்தான்.

நிழல் படிந்த கண்களையே எடுத்துக்கொள்வோம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 1628 அளவில் வரைந்த சிறு தன்னுருவ ஓவியம் ஒன்று உள்ளது. ஒளி கழுத்திலும் கன்னத்தின் ஓரத்திலும் விழுகிறது. கண்கள் இருளில் கிடக்கின்றன. அப்போது அவருக்கு 22 வயது. மனைவி, மகன், கடன் எதுவும் இல்லை. அக்கால ஐரோப்பியர், உடலில் கரும்பித்தம் மிகுந்தவர் மனச்சோர்வுக்கும் கலைத்திறனுக்கும் ஒருங்கே உரியர் என நம்பினர். இளம் ஓவியர் அந்நம்பிக்கையைத் தம் முகத்தில் அணிந்துகொண்டார் என்ற கருத்தைப் பெர்ரி சாப்மன் 1990இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைக்கிறார். கண்ணில் விழும் நிழல் வாழ்க்கையிலிருந்து வந்தாக வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

எர்ன்ஸ்ட் வான் டி வெட்டரிங் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தன்னுருவ ஓவியம் என்ற சொல்லே 17ஆம் நூற்றாண்டில் வழக்கில் இல்லை என்பதை நினைவூட்டி, இப்படங்களை ஆன்ம விசாரணையாகப் பார்ப்பது பிற்கால மனப்பான்மை என்கிறார். புகழ்பெற்ற ஓவியரின் முகமும் அவருடைய கைவண்ணமும் ஒரே படத்தில் கிடைக்கும் என்பதால் சேகரிப்பாளர் அவற்றை நாடினர் என்பது அவர் விளக்கம். இதை நான் பெருமளவு ஏற்கிறேன். முழுவதும் ஏற்க இயலவில்லை. ஏறத்தாழ 40 வண்ண ஓவியங்களிலும் 30க்கு மேற்பட்ட செதுக்கச்சுகளிலும் ஒருவர் தம் முகத்துக்கே திரும்பத் திரும்ப வருவதைச் சந்தை மட்டும் விளக்குமா? ஆனால் அவர் விளக்கம் நமக்கு ஒரு கதவைத் திறக்கிறது. கைவண்ணமே விற்பொருள் எனில், மெய்ப்பாட்டையும் கைவண்ணத்திலேயே தேட வேண்டும்.

மறைந்த தூரிகை

1669ஆம் ஆண்டு ஓவியத்தின் எக்ஸ்-கதிர்ப் படம் இரு பெரிய திருத்தங்களைக் காட்டுகிறது. எக்ஸ்-கதிரை ஈயம் தடுக்கும். எனவே ஈயவெள்ளை கலந்த பூச்சு எங்கெல்லாம் தடித்துள்ளதோ அங்கெல்லாம் படத்தில் வெளிறித் தெரியும். மேற்பூச்சால் மூடப்பட்ட முதல் எண்ணத்தையும் இவ்வாறே காண முடிகிறது.

முதல் திருத்தம் தொப்பியில். தொடக்கத்தில் அது இப்போதையதினும் பெரியது, வெண்மையானது. பின்னர் அதன் அளவைக் குறைத்து நிறத்தையும் அடக்கினார். இரண்டாவது திருத்தம் கைகளில். முதலில் அவர் கையில் ஒரு தூரிகை இருந்தது. பின்னர் அதை நீக்கி, கைகளைக் கோத்து அமைத்தார்.

இவ்விரண்டும் சிறு மாற்றங்கள் அல்ல. இவற்றின் விளைவை அறிய ஒப்பீட்டுக்கு உகந்த ஓவியம் லண்டனின் வடபகுதியிலுள்ள கென்வுட் மாளிகையில் இருக்கிறது. 1665 அளவில் வரையப்பட்ட அந்தத் தன்னுருவ ஓவியம் 114.3 செ.மீ. உயரமும் 94 செ.மீ. அகலமும் உடையது. அதே முதுமை; அதே முகம். ஆனால் அங்கு வெள்ளைத் தொப்பி ஒளி குன்றாமல் நிற்கிறது. விரைந்த சில தடித்த இழுப்புகளிலேயே அது முடிந்துவிடுகிறது. கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும் கைதாங்கு கோலும் உள்ளன. பின்சுவரில் இரு பெரிய வட்டங்களின் பகுதிகள் தெரிகின்றன. ஒரே வீச்சில் பிழையற்ற வட்டம் வரைந்ததாகக் கூறப்படும் ஜியோட்டோவின் கதையைச் சிலர் இங்கு நினைவுகூர்வர். உலகப் படத்தின் இரு அரைக்கோளங்கள் என்பர் சிலர். கொள்கையும் பயிற்சியும் என்பர் வேறு சிலர். உருவத்தின் கனத்தைச் சமன்செய்யும் வடிவங்கள் மட்டுமே என்பாரும் உண்டு. எதுவாயினும் படத்தின் மெய்ப்பாடு பெருமிதம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. திவாலும் இழப்பும் கண்ட அதே மனிதர்தான் அங்கும் நிற்கிறார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஹென்ட்ரிக்யே அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

கென்வுட் ஓவியத்திலும் எக்ஸ்-கதிர் ஒரு திருத்தத்தைக் காட்டியது. கண்ணாடியைப் பார்த்து வரைபவருக்கு வலமும் இடமும் மாறித் தோன்றும். ரெம்பிராண்ட் முதலில் கண்ணாடியில் கண்டவாறே, தூரிகை ஓங்கிய கையை இடக்கையாகவும் வண்ணத்தட்டை வலக்கையிலும் வரைந்தார். பின்னர் அதை மாற்றி, கருவிகளை இடக்கைக்குக் கொண்டுவந்து, ஓங்கிய கையையும் தாழ்த்தினார். வரைந்துகொண்டிருக்கும் தொழிலாளி, கருவியோடு நிற்கும் தலைவனாக மாறினார். செயல் குறைந்தது, நிலை கூடியது. அவர் கண்ணாடியின் அடிமையாக இல்லை என்பதற்கும் இது சான்று. கண்டதை அவர் பதிவுசெய்யவில்லை; எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை முடிவுசெய்தார்.

1669இல் அதே திசையில் மேலும் ஓர் அடி வைக்கிறார். கென்வுட்டில் செயலை நீக்கிக் கருவியை விட்டவர், இங்குக் கருவியையும் நீக்குகிறார். தூரிகை உள்ளவரை முகத்திலுள்ள கூர்மை தொழிலின் கூர்மை. ஓவியர் தம் மாதிரியை அளக்கிறார் என நாம் கொள்வோம்; அவர் பார்வைக்கு ஒரு பயன் இருக்கும். தூரிகையை எடுத்துவிட்டால் பார்வை அப்படியே இருக்க, அதன் பயன் மட்டும் மறைகிறது. எதற்காகப் பார்க்கிறார் என்ற வினாவிற்குப் படத்தில் விடை இல்லாமற் போகிறது. இந்த விடையின்மையைத்தான் நாம் துயரம் என்றும் தெளிவு என்றும் நிரப்பிக்கொள்கிறோம் என்பது என் கருத்து. முகத்தில் ஒரு தசையையும் மாற்றாமல், ஒரு கோலை நீக்கியதால் விளைந்த மெய்ப்பாடு இது.

தொப்பியின் திருத்தமும் இதற்குத் துணைபுரிகிறது. ஒரு படத்தில் மிக வெளிச்சமான பரப்பு எதுவோ அங்கு முதலில் கண் செல்லும். பெரிய வெள்ளைத் தொப்பி இருந்திருந்தால் முகம் அதற்குக் கீழ்ப்பட்ட ஒளியாகியிருக்கும். அதை அடக்கியதனால் நெற்றியும் கன்னமும் முதன்மை பெற்றன.

தடிப்பும் மென்மையும்

பூச்சின் முறையும் அதே நோக்கில் செல்கிறது. இவ்வோவியத்தில் எல்லா இடங்களும் ஒரே அளவு உழைப்பைப் பெறவில்லை. முகத்தில் பூச்சு அடர்த்தியானது, பல அடுக்குடையது. மஞ்சள், செம்மை, சாம்பல் சாயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, முழுதும் கலந்துவிடாமல் நிற்கின்றன. மேலாடை மெலிந்த பூச்சில் பொதுப்படையாகச் சொல்லப்படுகிறது. கைகளோ பெயரளவுக்கே தீட்டப்பட்டுள்ளன. விரல்களை எண்ண முயல்பவர் ஏமாறுவர். 1640ஆம் ஆண்டு ஓவியத்தில் உடையின் தையலும் ஓரமும் பொறுமையாகத் தீட்டப்பட்டிருப்பதோடு இதை ஒப்பிடின் மாற்றம் விளங்கும்.

இதை முதுமையின் தளர்ச்சி எனவோ உணர்ச்சியின் கொந்தளிப்பு எனவோ கொள்வது தவறு. வழவழப்பான முறை, கரடான முறை என இரண்டு அக்கால டச்சு ஓவியரிடையே அறியப்பட்டிருந்தன. காரெல் வான் மாண்டர் 1604இல் வெளியிட்ட நூலில், வெனிசு ஓவியர் டிஷியன் பிற்காலத்தில் கையாண்ட கரடான முறை அருகில் பொருளற்றும் தொலைவில் உயிருள்ளதாகவும் தோன்றும் எனப் பேசுகிறார். அது எளிதாகத் தோன்றினும் அரிது என்பதால், இளையோர் வழவழப்பான முறையிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். ரெம்பிராண்டின் வளர்ச்சி ஏறத்தாழ அவ்வரிசையிலேயே அமைந்தது. அவர் டிஷியனை நன்கு அறிந்தவர். 1640ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தின் நிலையே ஆம்ஸ்டர்டாமில் அவர் காண வாய்த்த டிஷியன், ரஃபேல் ஓவியங்களைத் தழுவியது.

கரடான பரப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. அது கண்ணுக்கு அருகில் வருவதுபோலத் தோன்றும், வழவழப்பான பரப்பு பின்வாங்கும் என்ற கருத்தை வான் ஹூக்ஸ்ட்ராட்டன் தம் நூலில் பதிவுசெய்கிறார். தடித்த பூச்சின் மேடுகள் அறையின் ஒளியையே தாங்கி, சிறு நிழல்களையும் உண்மையாகவே வீழ்த்துகின்றன. நெற்றி அவ்வாறு முன்வருகிறது. ஆடையும் பின்புலமும் விலகுகின்றன. காற்றும் தொலைவும் வண்ணத்தின் கனத்தால் உண்டாகின்றன.

இத்தகைய மேடுகள் குழையாமல் நிற்க எண்ணெய் வண்ணம் தனியே பக்குவப்பட வேண்டும். ரெம்பிராண்டின் வேறு ஓவியங்கள் சிலவற்றிலிருந்து எடுத்த நுண்துகள்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, தடிப்பூச்சில் பிளம்போனாக்ரைட் என்னும் அரிய ஈயச் சேர்மத்தைக் கண்டது. ஈய ஆக்சைடைச் சேர்த்து எண்ணெயைப் பசைத்தன்மை உடையதாக்கினார் என்பது அவ்வாய்வாளர் முடிவு. மனநெகிழ்ச்சியின் வெளிப்பாடென நாம் புகழும் பூச்சுக்குப் பின்னால் இவ்வாறு முன்கூட்டித் திட்டமிட்ட சமையல் ஒன்று இருந்தது.

எச்சரிக்கை ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். நாம் காணும் இருள் முழுவதும் அவர் இட்டதன்று. அவர் பயன்படுத்திய கோபால்ட் நீலக் கண்ணாடித்தூள் காலப்போக்கில் நீலம் இழந்து பழுப்பாகக்கூடியது, செஞ்சாயங்கள் மங்கக்கூடியவை, வார்னிஷ் மஞ்சளிக்கும். அவருடைய புகழ்பெற்ற குழு ஓவியம் 'இரவுக் காவல்' எனப் பெயர் பெற்றதே கறுத்த வார்னிஷால்தான், அது பகற்காட்சி. பழுப்பு இருளை உள்ளத்தின் இருளாக மொழிபெயர்க்குமுன் வேதியியலைக் கேட்பது நன்று.

இனி முகத்தில் மெய்ப்பாடு எங்கே தங்குகிறது? கண்ணிமைகளின் ஓரத்திலும் வாயின் முனைகளிலும் ஆகும். முகத்தின் உணர்வை நாம் தேடிப் படிக்கும் இடங்கள் அவை. 1630ஆம் ஆண்டுச் செதுக்கச்சில் அவ்விடங்களிலேயே கோடுகள் மிகத் தெளிவாக இருந்தன. இங்கு அவை மிகத் தெளிவற்று உள்ளன. ஒரு சாயல் இன்னொன்றின்மேல் இழுக்கப்பட்டு, எல்லை எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் விடப்பட்டுள்ளது. வாய்முனை தாழ்ந்திருக்கிறதா, நிழல் தாழ்ந்திருக்கிறதா என்பதை ஒரே நாளில் இரு முறை பார்த்தவரும் இரு விதமாகக் கூறலாம். நெற்றியின் உறுதியும் வாயின் உறுதியின்மையும் ஒரே முகத்தில் இருப்பதால் பார்வை ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் இயங்குகிறது. ஹாய்கன்ஸுக்கு எழுதியபோது அவர் எதைக் கருதியிருப்பினும், இங்கு நிகழும் இயக்கம் பார்ப்பவரின் கண்ணில் நிகழ்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஓவியர் வரலாறு எழுதிய ஹவ்பிராக்கன் ஒரு செய்தியைத் தருகிறார். பணியறைக்கு வந்தவர்கள் படத்தை நெருங்கிப் பார்த்தால், வண்ணத்தின் நெடி உங்களுக்கு ஒவ்வாது என்று சொல்லி ரெம்பிராண்ட் அவர்களைப் பின்னுக்கு இழுப்பாராம். கதை மெய்யோ பொய்யோ, அந்த அறிவுரையில் பாதியை நாம் மீற வேண்டும். தேசிய ஓவியக்கூடமும் கென்வுட் மாளிகையும் ஒரே நகரில் உள்ளன; இரண்டையும் ஒரே நாளில் காணலாம். அவ்வாறு காணும் ஆய்வாளர் 1669ஆம் ஆண்டு ஓவியத்தில் முகத்தை விடுத்து முதலில் கைகளை நெருங்கிப் பார்க்கட்டும். கோத்த விரல்கள் என நாம் நம்பியவை, ஒரு தூரிகையை மூடுவதற்கு இடப்பட்ட சில பழுப்பு இழுப்புகள். பிறகு சில அடிகள் பின்வாங்கி முகத்தைப் பார்க்கட்டும்.